முத்திரையில்லாத சிப்பாய் பொம்மைகளையும் குட்டிப் பீரங்கிகளையும் இனங்காணும் முறை

மதுரைப் பக்கம் பழைய சிப்பாய் பொம்மைகள் என் கைக்கு வந்தது பெரும்பாலும் இரண்டு வழிகளில்தான். ஒன்று, கொடைக்கானலில் கைமாறிய பழைய பங்களாக்களின் தட்டுமுட்டுச் சாமான்கள். மற்றொன்று, ஆண்டுக்கு ஒருமுறை நவராத்திரிக்கு மட்டும் பரணிலிருந்து இறங்கும் கொலுப் பெட்டி. என் பெரியப்பா விட்டுச் சென்ற தகரப் பெட்டியில் இந்த இரண்டு வகையும் கலந்து கிடந்தன. எண்பதுக்கும் மேற்பட்ட சிப்பாய்கள், ஏழு பீரங்கிகள், கால் ஒடிந்த குதிரைகள், எந்தத் தோளிலிருந்து கழன்றவை என்று தெரியாத சில கைகள் ஆகியவற்றில், செய்தவரைச் சொல்லும் முத்திரை எழுத்து கண்ணுக்குத் தெரியும்படி இருந்தவை பத்துகூடத் தேறவில்லை. எஞ்சியவற்றை இனம் பிரிக்க எனக்குக் கைகொடுத்த முறையை, அதில் நான் செய்த தவறுகளோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எடுத்தவுடனே செய்தவர் பெயரைத் தேடக் கூடாது என்பதே இதில் முதல் பாடம். கைபேசியில் ஒரு படத்தைப் பார்த்து, அதைப் போலவே இருக்கிறது என்று பெயர் சூட்டிவிட்டால், அதற்குப் பிறகு கண்ணில் படும் எல்லாமே அந்தப் பெயருக்குச் சாட்சியாகத்தான் தெரியும். முதலில் அது எந்தப் பொருளால் ஆனது, எப்படி வார்க்கப்பட்டது என்று பார்க்க வேண்டும், பிறகு அளவு, பிறகு அது அணிந்திருக்கும் உடையும் ஏந்தியிருக்கும் ஆயுதமும். பெயர் கடைசியில் தானாக வந்தால் வரட்டும், வராவிட்டாலும் நட்டமில்லை.

துலக்காதீர்கள்

நம் வீடுகளில் உலோகம் என்றாலே புளியும் விபூதியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். எங்கள் அத்தை ஒரு குதிரை வீரனைக் கொலுவுக்காகப் புளி போட்டுத் துலக்கியதில், அரை மணி நேரத்தில் அவனுடைய சட்டையின் நிறமும் முகமும் போய்ச் சாம்பல் நிற ஈயக் கட்டி மட்டும் மிஞ்சியது. காரீயத்துக்குப் புளியின் அமிலம் ஆகாது. அதைவிட முக்கியம், பழைய வர்ணம்தான் இனங்காண உதவும் சான்றுகளில் பாதி. உலர்ந்த மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பொம்மையின் மேல் வெண்மையான மாவு படிந்திருந்தால் அது தூசி அன்று. அட்டைப் பெட்டியிலிருந்தும் சில வகை மரங்களிலிருந்தும் கசியும் அமில ஆவி காரீயத்தைத் தின்று உண்டாக்கும் ஈயக் கார்பனேட் அது. நச்சுத் தன்மை கொண்டது. வாயால் ஊதக் கூடாது. அந்தப் பொம்மையைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். காரீயப் பொம்மை எதைத் தொட்டாலும் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சிறு பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி கொலுவின் கீழ்ப்படியில் இவற்றை வைப்பதை எங்கள் வீட்டில் நிறுத்தியே பல ஆண்டுகள் ஆகின்றன.

எந்த ஈயம்?

ஈயப் பொம்மை என்று நாம் சொல்லும்போது ஒரு குழப்பம் உள்ளேயே இருக்கிறது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. பெரும்பாலான சிப்பாய்கள் காரீயக் கலவையால் ஆனவர்கள். தட்டையான ஜெர்மன் பொம்மைகளில் இரண்டும் கலந்திருக்கும். இவற்றோடு துத்தநாகக் கலவையும் அலுமினியமும் பித்தளையும் சேர்ந்துகொள்ளும்போது, கையில் தூக்கிப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது.

இதற்கு நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற சிறிய மின்தராசு ஒன்று போதும். முதலில் பொம்மையை அப்படியே நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்து, எண்ணைப் பூச்சியமாக்குங்கள். மெல்லிய நூலில் பொம்மையைக் கட்டி, டம்ளரின் அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிட்டால், தராசு காட்டும் கிராம் எண்தான் அந்தப் பொம்மையின் கன சென்டிமீட்டர் அளவு. என்னிடமுள்ள ஒரு திண்மச் சிப்பாயின் எடை 66 கிராம். தண்ணீரில் தராசு காட்டியது 6.2. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 10.6 வருகிறது. தூய காரீயத்தின் அடர்த்தி 11.3 என்பதால், கொஞ்சம் ஆன்டிமனியோ வெள்ளீயமோ கலந்த காரீயம் என்று தயங்காமல் எழுதிக்கொள்ளலாம். 7.3 வந்தால் வெள்ளீயம், 6.6க்கு அருகில் வந்தால் துத்தநாகக் கலவை, எட்டரையை ஒட்டி வந்தால் பித்தளை, 2.7 வந்தால் அலுமினியம். மரத்தூள் பொம்மைகளையும், அடியில் காகிதச் சீட்டு ஒட்டிய பொம்மைகளையும் மட்டும் தண்ணீரில் விடவே கூடாது. மற்றவற்றையும் உடனே துணியில் ஒற்றி எடுத்து, நிழலில் உலர்த்த வேண்டும்.

தண்ணீரில் இறக்கியதும் குமிழி குமிழியாகக் காற்று வெளியேறினால் கணக்கு தவறும். ஆனால் அந்தக் குமிழிகள் கணக்கைவிடப் பெரிய செய்தியைச் சொல்கின்றன: உள்ளே வெற்றிடம் இருக்கிறது, அதாவது இது உள்ளீடற்ற வார்ப்பு. உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றி, ஓரம் மட்டும் இறுகியதும் நடுவில் இருக்கும் குழம்பைத் திரும்பக் கவிழ்த்துவிடும் இந்த முறையை, லண்டனில் வில்லியம் பிரிட்டனின் குடும்ப நிறுவனமான ‘பிரிட்டன்ஸ்’ 1893இல் பொம்மைச் சிப்பாய்களுக்குக் கொண்டுவந்தது. உலோகம் குறைவாகச் செலவாகும் என்பதால் ஜெர்மன் சரக்கைவிட மலிவாக விற்க முடிந்தது. குழம்பு வெளியேறிய துளையைத் தொப்பியின் உச்சியிலோ பீடத்தின் அடியிலோ தேடினால் பெரும்பாலும் அகப்படும். இந்த முறையைப் பிரிட்டன்ஸைப் பார்த்து ஜான் ஹில் போன்ற பல ஆங்கில நிறுவனங்கள் பின்பற்றின. ஆகவே துளை இருந்தால் பெரும்பாலும் இங்கிலாந்து என்றுதான் எழுதலாமே ஒழிய, பிரிட்டன்ஸ் என்று எழுதிவிட முடியாது.

திண்மமாக, கையில் கனமாக, தலை தனியே வார்க்கப்பட்டுக் கழுத்துக் குழியில் செருகப்பட்டிருந்தால் பார்வை ஜெர்மனிக்கும் பிரான்ஸுக்கும் திரும்ப வேண்டும். டிரெஸ்டன் நகரத்து ஹைடே நிறுவனம் பல அளவுகளில் இப்படிப்பட்ட பொம்மைகளைச் செய்தது. பெரும்பாலும் எந்த முத்திரையும் இடவில்லை. 1945 பிப்ரவரியில் அந்த நகரத்தின் மேல் பொழிந்த குண்டுகளில் தொழிற்சாலையும் அழிந்துவிட்டது. முத்திரையில்லாத பொம்மைகளில் ஹைடேயின் பங்கு கணிசமானது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஆணி வைத்துத் தட்டிய தகடுபோல ஒரு மில்லிமீட்டர் கனத்தில், ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் உயரத்தில் இருப்பவை தட்டைப் பொம்மைகள். ஸ்லேட் கல்லில் செதுக்கிய அச்சில் வார்த்த இவற்றுக்குப் பெயர்பெற்ற இடம் நியூரம்பெர்க். அங்கே ஹைன்ரிக்சன் பட்டறை 1839இல் தொடங்கியது.

உலோகமே இல்லாமல், மேலே வெடிப்பு விழுந்து, வெடிப்புக்குள் துருப்பிடித்த கம்பி தெரிந்தால் அது மரத்தூளையும் பசையையும் வெள்ளைக் களிமண்ணையும் பிசைந்து, கம்பிக் கூட்டின் மேல் அழுத்திச் செய்த ஜெர்மன் பொம்மையாக இருக்கலாம். எலாஸ்டோலின், லினேயோல் என்பவை இந்த வகையில் புகழ்பெற்ற பெயர்கள். நம் ஊரில் இதை அடையாளம் காண்பதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. விளாச்சேரியில் கொலுவுக்காகச் செய்யும் மண் பொம்மைகளிலும் காகிதக்கூழ் பொம்மைகளிலும் போலீஸ்காரரும் சிப்பாயும் பேண்டு வாத்தியக்காரரும் உண்டு. மேலே வர்ணம் பூசிவிட்டால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. காந்தத்தைக் கணுக்கால் அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். ஜெர்மன் பொம்மையில் உள்ளிருக்கும் கம்பி இலேசாக இழுக்கும். நம்மூர்ப் பொம்மையின் அடிப்பக்கத்தைத் திருப்பினால் மண்ணின் நிறமோ காகிதத்தின் நாரோ தெரியும். உயரமும் பெரும்பாலும் 7 சென்டிமீட்டருக்குள் அடங்காது. அதற்காக அதை ஒதுக்கிவிட வேண்டாம். என் பெட்டியில் இருப்பதிலேயே அழகான மீசை ஒரு மண் சிப்பாய்க்குத்தான்.

பிளாஸ்டிக்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தண்ணீரில் மிதந்தால் பாலிஎதிலீன், மூழ்கினால் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் அல்லது பிவிசி. காலடியில் உலோகப் பீடமும் மேலே பிளாஸ்டிக் உடலும் என்றால் பிரிட்டன்ஸ் 1971இல் தொடங்கிய டீடெய்ல் வரிசையையோ அதன் நகலையோ நினைக்கலாம். சித்திரைத் திருவிழாக் கடைகளில் பொட்டலம் பொட்டலமாக விற்ற பச்சைச் சிப்பாய்களில் பெரும்பாலானவை எதையோ பார்த்து நகலெடுத்தவை. அவற்றுக்கு மூலம் தேடி நான் நேரத்தைச் செலவிடுவதில்லை.

இருக்கிறது, ஆனால் தெரியவில்லை

முத்திரையில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் அதைச் சரியாகத் தேடினோமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். குதிரை வீரனுக்கு முத்திரை பெரும்பாலும் குதிரையின் வயிற்றுக்கு அடியில் இருக்கும். காலாட்படைச் சிப்பாய்க்குப் பீடத்தின் அடியில் இருக்கும். நகலெடுப்பவர்களின் தொல்லை தாங்காமல் பிரிட்டன்ஸ் 1900 வாக்கில் முதலில் காகிதச் சீட்டு ஒட்டியது, பிறகு எழுத்தை அச்சிலேயே வெட்டியது. காகிதம் விழுந்திருக்கலாம், அது இருந்த இடத்தில் வர்ணத்தின் நிறம் மட்டும் நீள்வட்டமாகவோ நாற்கோணமாகவோ மாறியிருக்கும்.

அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கைப் பொம்மையின் அடிப்பக்கத்துக்குக் கிட்டத்தட்ட இணையாகப் படுக்கவைத்து அடித்தால், மேலே மூன்று பூச்சு வர்ணம் இருந்தாலும் எழுத்தின் நிழல் எழும். அதுவும் போதாவிட்டால், சிறுவயதில் காசின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தது போல மெல்லிய காகிதத்தில் இலேசாகத் தேய்த்துப் பார்க்கலாம். ஓர் எச்சரிக்கை: அங்கே ஆண்டு தெரிந்தால் அது அந்த வடிவத்துக்கு உரிமை பதிவான ஆண்டு, அந்தப் பொம்மை வார்க்கப்பட்ட ஆண்டாக இருக்க வேண்டியதில்லை. அதே அச்சில் பல ஆண்டுகள் வார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அளவை வெர்னியர் காலிப்பரால் எடுங்கள். பீடத்தையும் தொப்பியையும் விட்டுவிட்டு, குதிகாலிலிருந்து உச்சந்தலை வரை. ஆங்கில உள்ளீடற்ற சிப்பாய்களில் 54 மில்லிமீட்டர்தான் பொதுவான அளவு. உண்மையான ஆளின் உயரத்தில் ஏறத்தாழ 32இல் ஒரு பங்கு. ஒரே தோற்றமுள்ள இரண்டு சிப்பாய்களில் ஒருவன் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குள்ளமாகவும், பொத்தான்கள் மழுங்கியும் இருந்தால், குள்ளமானவன் நகல். அசல் பொம்மையையே மாதிரியாக வைத்து அச்செடுத்து மறுபடி வார்க்கும்போது, உலோகம் ஆறுகையில் சுருங்குவதால் இந்தக் குறைவு ஏற்படுகிறது.

உடையும் ஆயுதமும் ஒரு பக்கத்து எல்லையை மட்டுமே சொல்லும். பிரிட்டிஷ் படையின் தட்டுப்போன்ற இரும்புத் தொப்பி 1915இலும், ஜெர்மானியரின் காது மூடும் தொப்பி 1916இலும் வந்தவை. அவற்றை அணிந்த பொம்மை அதற்கு முன் பிறந்திருக்க முடியாது. ஆனால் சிவப்புச் சட்டை போட்டவன் எல்லாம் 19ஆம் நூற்றாண்டுக்காரன் அல்லன். பிரிட்டன்ஸ் 1966இல் ஈய வார்ப்பை நிறுத்தும் வரைக்கும் சிவப்புச் சட்டைச் சிப்பாய்களை வார்த்துக்கொண்டுதான் இருந்தது. விற்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தங்களையும் நம்மையும் ஏமாற்றுகிறார்கள்.

பீரங்கிகள்

பீரங்கியைச் சிப்பாயைவிட எளிதாக இனங்காணலாம், ஏனென்றால் அதற்குப் பாகங்கள் அதிகம். சக்கரம், பின்னால் தரையில் ஊன்றும் வால், கேடயத் தகடு, சுடும் விசை, திருகு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே கேள்வி கேட்க வேண்டும். ஆரக்கால் சக்கரமா, ரப்பர் டயரா? வால் ஒற்றைக் கட்டையா, பெட்டிபோல் அகன்றதா, இரண்டாகப் பிரிவதா? அடியில் வட்டத் தட்டு ஒன்று இருந்து, அதன் மேல் பீரங்கி முழுவதும் சுழல முடிந்தால், அது இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படை பயன்படுத்திய 25 பவுண்டர் (25 பவுண்டு எடைக் குண்டு எறியும்) பீரங்கியின் மாதிரி. 1940க்கு முன் போயிருக்காது. ஒற்றைக் கட்டை வாலும் ஆரக்கால் சக்கரமும் உயரமான கேடயமும் என்றால் பிரிட்டிஷ் படையில் 1904இல் ஏற்கப்பட்ட 18 பவுண்டரை முதலில் நினைக்கலாம். அதன் உண்மையான சக்கரத்தின் விட்டம் 4 அடி 8 அங்குலம். 32இல் ஒரு பங்கு என்றால் 44 மில்லிமீட்டர் வர வேண்டும். பொம்மைக்காரர்கள் அளவில் கறாராக இருந்ததில்லை என்றாலும், சக்கரம் 25 மில்லிமீட்டர்தான் என்றால் அது 54 மில்லிமீட்டர் சிப்பாய்களோடு நிற்கச் செய்தது அன்று என்ற அளவுக்காவது தெரியும்.

குழாயைப் பின்னுக்கு இழுத்து விட்டால் தீக்குச்சித் துண்டையோ பட்டாணியையோ எறியும் சுருள்வில் இருந்தால், அது விளையாட்டுப் பொருளாகவே விற்கப்பட்டது என்பதற்கு நல்ல சான்று. வில் துருப்பிடித்திருந்தால் இயக்கிப் பார்க்க வேண்டாம். ஒடிந்த நெம்புகோலுக்கு மாற்று கிடைக்காது. உலோகத்தில் வெடிப்பு ஓடி, பாகங்கள் வீங்கி, உதிர்ந்துகொண்டிருந்தால் அது துத்தநாகக் கலவையில் காரீயம் போன்ற அசுத்தம் கலந்ததால் வரும் நோய். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி டாய்ஸ் பொம்மை வண்டிகள் போன்ற அச்சு வார்ப்புகளில் இது அதிகம். இதற்கு மருந்து இல்லை. ஆனால் காரீயப் பொம்மைக்கு இந்த நோய் வராது என்பதால் பொருளைச் சொல்லும் குறிப்பாக அது உதவும்.

பித்தளைப் பீரங்கிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கீழமாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில், பழைய சாமான் கடைக்காரர் ஒருவரிடம் ஒன்றை எடுத்து, “அண்ணாச்சி, இது எவ்வளவு பழசு இருக்கும்?” என்று கேட்டேன். “தம்பி, இது கான் சாகிப் காலத்துச் சாமான்” என்றார் அவர். கான் சாகிப் என்கிற யூசுப் கான் மதுரையில் தூக்கிலிடப்பட்டது 1764இல். பீரங்கியைத் திருப்பினேன், சக்கர அச்சைப் பிடித்திருந்தது ஒரு ஸ்டார் ஸ்க்ரூ. கூட்டல் குறி வெட்டிய அந்தத் தலையுள்ள திருகு 1930களின் நடுவில்தான் அமெரிக்காவில் சந்தைக்கு வந்தது. திருகு பிற்பாடு மாற்றப்பட்டதாகவும் இருக்கலாம் என்பதால், துளையின் விளிம்பையும் பார்த்தேன்: கீறலோ தேய்மானமோ இல்லாமல் அந்தத் திருகுக்கென்றே துளைத்தது போல இருந்தது. மேசையில் காகிதம் பறக்காமல் வைக்கச் செய்தது என்று விலைபேசி, அந்த விலைக்கே வாங்கி வந்தேன்.

மறுவர்ணம்தான் கொலுப் பெட்டிப் பொம்மைகளின் பெரிய நோய். ஆண்டுதோறும் மினுமினுப்பு வேண்டும் என்று எனாமல் பூசியதில், அச்சு மட்டும் மிஞ்சியது, மற்றது மறைந்தது. இது ஏன் முக்கியம் என்றால், ஆங்கில நிறுவனங்கள் ஒரே அச்சில் வார்த்த சிப்பாயை வெவ்வேறு நிறம் பூசி வெவ்வேறு படைப்பிரிவாக விற்றன. வார்ப்பு செய்தவரைச் சொல்லும், வர்ணம்தான் படைப்பிரிவைச் சொல்லும். அக்குளிலும், துப்பாக்கிக்கும் உடலுக்கும் இடையிலுள்ள இடுக்கிலும் தூரிகை எட்டியிருக்காது. உருப்பெருக்கிக் கண்ணாடியால் அங்கே பாருங்கள். கழுத்தில் மெல்லிய வளையக் கோடு தெரிந்தால், ஒடிந்த தலையை உள்ளே தீக்குச்சி செருகி ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். பழைய பெட்டியோ சீட்டோ கூட வந்தால், கடைகளில் கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கின் கீழ் காட்டுங்கள். காகிதம் பளிச்சென்று நீலவெண்மையாக ஒளிர்ந்தால் அது வெண்மையூட்டி கலந்த, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காகிதம்.

எழுதி வைத்தல்

பொம்மையின் மேல் எதையும் எழுதாதீர்கள், ஒட்டாதீர்கள். கழுத்தில் பருத்தி நூலால் எண் அட்டை கட்டினால் போதும். படம் எடுக்கும்போது பக்கத்தில் அளவுகோல் இருக்கட்டும். பாச்சை உருண்டை போட்ட பீரோவில் பாலிஸ்டைரீன் பொம்மையை வைக்காதீர்கள்; நாப்தலீன் ஆவி அதை இளக்கிவிடும். குறிப்பேட்டில் ஒவ்வொரு பொம்மைக்கும் மூன்று தனிப் பத்திகள் வைத்திருக்கிறேன்: கண்ணால் கண்டது, அதிலிருந்து நான் ஊகித்தது, இன்னும் தெரியாதது. முதல் பத்தியில் ஊகம் நுழைந்துவிட்டால் பிறகு பிரித்தெடுக்க முடியாது.

எடுத்துக்காட்டாக, பெரியப்பாவின் ஏழு பீரங்கிகளில் மிகச் சிறியதை நெடுநாள் நான் உடைந்த பொருள் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். குழாய் தனி, சக்கரங்கள் தனி, வால் தனியாகக் கழன்றது. பிறகுதான் உடைப்பு விளிம்பு எங்குமே இல்லை என்பதைக் கவனித்தேன். ஒவ்வொரு பாகமும் கழற்றி மாட்டுவதற்கென்றே செய்யப்பட்டிருந்தது. கால் ஒடிந்த குதிரை என்று நினைத்து வைத்திருந்த இரண்டை மறுபடி எடுத்துப் பார்த்தால், காது நீளம், வால் மெலிவு; அவை கோவேறு கழுதைகள். சேணத்தில் பாகங்களைத் தாங்கும் அமைப்பும் இருந்தது. மலைப்பாதையில் பீரங்கியைப் பிரித்துக் கழுதைகளின் முதுகில் ஏற்றிச் செல்லும் மலைப் பீரங்கிப் படையை, பிரிட்டன்ஸ் தன் பட்டியலில் 28ஆம் எண்ணில் விற்றது. அதே பெட்டியில் இருந்த தலைப்பாகைச் சிப்பாய்கள் ஐவரும் உள்ளீடற்றவர்கள், 54 மில்லிமீட்டர், வலக்கை தோளில் அசைகிறது. பிரிட்டன்ஸ் 67ஆம் எண்ணில் மதராஸ் காலாட்படையையும் வெளியிட்டிருக்கிறது என்பதால் ஆசை அங்கே போய் நிற்கிறது. ஆனால் ஐவர் மேலும் கொலுப் பச்சை மூன்று பூச்சு இருக்கிறது. அவர்களுக்கு எழுதிய அட்டை இப்படி இருக்கிறது: “உள்ளீடற்ற காரீய வார்ப்பு, 54 மி.மீ., நாற்கோணப் பீடம், எழுத்து புலப்படவில்லை. ஆங்கில வார்ப்பாக இருக்கலாம். படைப்பிரிவு தெரியாது. இரண்டாமவன் இடது அக்குளில் சிவப்பு.”